186 நிமிட வெளிச்சம்

பூந்தமல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில், மார்ச் 21 அன்று சூரியன் காலை சுமார் 6:13-க்கு உதிக்கிறது. கரையில் 30 அடி உயரப் பனை ஒன்று நிற்பதாகக் கொண்டால், 7:13-க்கு அதன் நிழல் 115 அடி நீளம். 8:13-க்கு 54 அடி. 9:13-க்கு 32 அடி. 10:13-க்கு 19 அடி. உச்சிப்பொழுதில் 7 அடி. 7:13-இலிருந்து 8:13 வரை 61 அடி குறைகிறது. நிமிடத்துக்கு ஒரு அடிக்குச் சற்று மேல். ஒரு தூரிகையைத் துடைத்து அடுத்த நிறத்தைக் குழைக்க எனக்கு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் நான் வரைய வந்த நிழல் மூன்று அடி சுருங்கிவிடும்.

வெளியில் நின்று தைலவண்ணத்தில் நிலக்காட்சி தீட்டுகிறவருக்கு முதல் செலவு வண்ணம் அல்ல, வெளிச்சம். பொருளின் உயரத்தைவிட நிழல் நீளமாக இருக்கும் நேரத்தை ‘வரையத் தகுந்த வெளிச்சம்’ என்று வைத்துக்கொள்வோம். அதாவது சூரியன் அடிவானத்திலிருந்து 45 பாகைக்குக் கீழே நிற்கும் நேரம். சென்னை இருப்பது வட அட்சம் 13.1 பாகையில். மார்ச் 21 காலையில் இந்த வெளிச்சம் 3 மணி 6 நிமிடம் கிடைக்கிறது, அதாவது 186 நிமிடம். ஜூன் 21 அன்று 3 மணி 18 நிமிடம். டிசம்பர் 21 அன்று 3 மணி 49 நிமிடம். ஜனவரி 21 அன்று 3 மணி 36 நிமிடம்.

பாரிஸ் 48.9 பாகையில் இருக்கிறது. அங்கே மார்ச் 21 அன்று சூரியன் உச்சிக்கு வந்தாலும் 41 பாகைதான் ஏறும். அதே 30 அடி மரத்துக்கு அங்கே நண்பகல் நிழல் 34 அடி. நமக்குக் காலை 9:13-க்குக் கிடைப்பதைவிட 2 அடி அதிகம். நம் கணக்கில் 186 நிமிடமாக இருக்கும் காலை வெளிச்சம் அங்கே காலை, மாலை என்று பிரியாமல் ஏறக்குறைய 12 மணி நேரமும் நீள்கிறது. வெளிப்புற ஓவியம் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் அந்த அட்சரேகையில் நின்றவர்களின் அனுபவத்திலிருந்து வந்தவை. கிளாட் மொனே 1890, 1891 ஆண்டுகளில் வைக்கோற்போர்களை 25 முறை வரைந்தார். வெளிச்சம் மாற மாறக் கேன்வாஸை மாற்றிக்கொண்டார். அந்த முறையை இங்கே கடைப்பிடித்தால் மாற்றுவதற்கான இடைவெளி மிகக் குறுகியது. நம் காலைக்கு இரண்டு கேன்வாஸ் போதும், மூன்றாவது தூக்கிவந்த சுமையாகவே திரும்பும் என்பது என் அனுபவம்.

186 நிமிடத்தையும் பயன்படுத்த முடிவதில்லை. உதயத்துக்குப் பிந்தைய முதல் அரைமணி நேரத்தில் பேலட்டில் இருக்கும் நிறத்தையே சரியாகப் பார்க்க முடியாது. எல்லாம் ஒரே செம்மஞ்சளாகத் தெரியும். மிச்சம் சுமார் 155 நிமிடம். அதில் இடம் பார்த்து ஈஸல் விரிக்க 20 நிமிடம், கோட்டு வரைவுக்கு 15, பெரிய நிறப்பரப்புகளை மூட 70, விவரங்களுக்கு 45. கூட்டினால் 150. மீதி 5 நிமிடம். அந்த 5 நிமிடம்தான் எங்கள் கையிருப்பு.

ஞாயிறுதோறும் சேர்ந்து வரையப் போகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். அம்பத்தூரிலிருந்து மூவர், ஆவடியிலிருந்து இருவர், பூந்தமல்லியில் ஒருவர். எங்களில் மூத்தவர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். எதையும் எடை போட்டுப் பார்க்கும் பழக்கம் அவருடையது. நான் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் பனை நிழலை மூன்றாவது தடவை திருத்துவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, நெழல மொதல்ல போட்டு மூடிடு. அப்புறம் அதத் தொடாத. வானத்துக்குப் போ” என்றார். முதல் 10 நிமிடத்தில் நிழலைப் போட்டு அதோடு விட்டுவிடுவது அன்றிலிருந்து எங்கள் வழக்கம். படத்தின் நேரம் 7:20 என்றால், முடிக்கும்போது 9:15 ஆனாலும் படத்துக்குள் 7:20 மாறாது.

அவருடைய எலெக்ட்ரானிக் தராசில் என் சுமை 12.4 கிலோ. பெட்டி ஈஸல் 5.8 கிலோ, வண்ணக் குழாய்கள் 1.3, டர்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும் 0.5, இரண்டு கேன்வாஸ் போர்டும் ஈரப் படத்தைக் கொண்டுபோகும் சட்டமும் 1.1, குடை 1.2, குடிதண்ணீர் 2.0, தூரிகையும் கந்தல் துணியும் 0.5. எங்களுடன் சில வாரம் வந்த நீர்வண்ண ஓவியர் ஒருவரின் பை, தண்ணீருடன் சேர்த்து 3.1 கிலோ. சரியாக நான்கில் ஒரு பங்கு.

நம் ஊரில் வெளிப்புறப் படம் என்றாலே நீர்வண்ணம் என்று ஆனதற்கு இந்த நான்கு மடங்கும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏனென்றால் கருவிகள் வந்துசேர்ந்த ஆண்டுகளைப் பார்த்தால் தைலவண்ணத்துக்கும் இங்கே வாய்ப்பு இருந்தது. அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்தது 1841-இல். அதுவரை தைலவண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். வெளியே எடுத்துப்போனால் கசியும், காயும். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கியது 1850-இல். இராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாஜா நோக்கி தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1 அன்று. குழாய், பள்ளி, ரயில் மூன்றும் 15 ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன. பிரான்ஸில் ஓவியர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனவையும் குழாயும் ரயிலும்தான்.

அதற்கு முன்பே ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792, 1793-இல் தென்னிந்தியாவில் பயணம் செய்தார்கள். அவர்கள் 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியிட்ட ‘ஓரியன்டல் சீனரி’ தொகுப்பில் 144 காட்சிகள் உண்டு. ஆனால் வெளியில் நின்று அவர்கள் செய்தவை கோட்டுச் சித்திரங்களும் நீர்வண்ணங்களும். தைலவண்ணம் பெரும்பாலும் பிறகு, அறைக்குள். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்ற ரவி வர்மாவின் தைலவண்ணமும் ஒரு பெண்ணின் உருவப்படம்தான். நிலக்காட்சியில் ஈடுபாடு காட்டியவர் அவருடைய தம்பி ராஜ ராஜ வர்மா. அண்ணனுக்கு இன்று கிடைக்கும் பெயரில் பத்தில் ஒரு பங்குகூடத் தம்பிக்கு இல்லை. இதை மட்டும் என்னால் எண்ணால் நிறுவ முடியாது, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

சென்னைக் கலைப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரி. அது நிற்கும் சாலை பெரியார் ஈ.வெ.ரா. சாலை, பழைய பெயர் பூந்தமல்லி நெடுஞ்சாலை. அதே சாலை மேற்கே போய் எங்கள் பூந்தமல்லியில்தான் சேர்கிறது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வரானார், 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கரும் தொடக்கத்தில் நீர்வண்ண நிலக்காட்சிகள் வரைந்தவரே. 1966-இல் அவர் முன்னின்று ஓவியர்கள் கூட்டாக ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கைவினைப் பொருள் விற்ற பணத்தில் நடந்த காரியம் அது. ஓவியர்கள் சேர்ந்து கணக்குப் பார்த்தால் என்ன முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டே ஆண்டு முன்பு, 1964-இல், மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. அதன் பரப்பு சுமார் 1,430 ஏக்கர். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்துவிட்டது. ஓவியர்கள் கிழக்கே கடற்கரைக்குப் போனார்கள், ஆலைகள் மேற்கே வந்தன. பரப்பளவில் 10-க்கு 1,430, அதாவது 0.7 சதவீதம். மேற்குப் புறநகரில் ஓவியர்களுக்கென்று அப்படி ஓர் இடம் உருவாகவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் 4,66,205 பேர், ஆவடியில் 3,45,996 பேர், பூந்தமல்லியில் 57,224 பேர். மொத்தம் 8,69,425. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. இன்றைய எண் இதைவிட அதிகம் என்பதற்கு மட்டும் எந்தத் தெருவும் சாட்சி சொல்லும்.

அந்தத் தெருவில் நின்று ஏன் நிலக்காட்சி வரைய முடிவதில்லை என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. என் போர்டு 16 அங்குல அகலம், 12 அங்குல உயரம். மில்லிமீட்டரில் 406-க்கு 305. அதே அளவுள்ள கண்ணாடிச் சட்டம் ஒன்றைக் கண்ணிலிருந்து 558 மி.மீ. தள்ளிப் பிடித்து, அதன் வழியே தெரிவதை மட்டும் வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 அடி அகலத் தெருவின் ஒரு பக்கம் நிற்கிறேன். எதிரே 40 அடி உயர வீடு. கண்ணாடியில் அதன் உயரம் 744 மி.மீ. வரும். என் போர்டின் உயரமோ 305. வீடே இரண்டரைப் போர்டு அளவுக்கு வந்துவிடுவதால் வானம் படத்துக்குள் நுழையவே இல்லை. வானம் இல்லாத படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட முடியாது.

அதே 40 அடி வீட்டை 1 கி.மீ. அகலத் தண்ணீருக்கு அப்பால் வைத்தால் கண்ணாடியில் அதன் உயரம் 7 மி.மீ. 3 கி.மீ.க்கு அப்பால் வைத்தால் 2 மி.மீ.க்குச் சற்று மேல். ஒரு தட்டைத் தூரிகையின் ஓரத்தால் ஒரே இழுப்பு. ஒரு குடியிருப்பு வரிசை, அதில் உறங்கும் நூற்றுக்கணக்கானவர்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணி, எல்லாம் அந்த 2 மி.மீ. சாம்பல் நீலத்துக்குள் அடங்கிவிடும். மீதி 303 மி.மீ.யும் தண்ணீருக்கும் வானத்துக்கும் பனைக்கும். ஆவடி பருத்திப்பட்டு ஏரி 87 ஏக்கர். சதுரமாக நினைத்தால் ஒரு பக்கம் 593 மீட்டர். அங்கே எதிர்க்கரை வீடு 11 முதல் 12 மி.மீ. இதுவும் வரையக்கூடிய அளவுதான்.

வீடு உயர்ந்தால் கணக்கு மாறும். 1 கி.மீ. தள்ளி 45 மீட்டர் உயர அடுக்ககம் வந்தால் 7 மி.மீ. இருந்த இடத்தில் 25 மி.மீ. படத்தின் உயரத்தில் 2.3 சதவீதமாக இருந்தது 8.2 சதவீதமாகிறது. பூந்தமல்லிச் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்ததையும் இப்படித்தான் அளந்து பார்த்தோம். இரண்டாம் கட்டத்தின் 118.9 கி.மீ.யில் கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரையிலான தடம் 26.1 கி.மீ. அதில் சுமார் 10 கி.மீ. நிலத்தடி. எங்கள் பக்கம் முழுவதும் மேல்பாலம். மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அம்பத்தூரிலிருந்து ஈஸலைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகிறவன் நான். ஆனால் தூண் வந்த இடங்களில் தொலைவு போய்விட்டது என்பது அளவுகோலில் தெரிகிறது.

ஆகவே மிச்சமிருக்கும் திறந்த தொலைவு ஏரிகள்தாம். சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு பெரிய ஏரிகளின் கொள்ளளவு, மில்லியன் கன அடியில்: செம்பரம்பாக்கம் 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. மொத்தம் 11,257. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் செம்பரம்பாக்கமும் புழலும் சேர்ந்து 6,945. மொத்தத்தில் 61.7 சதவீதம். அந்த நான்கு ஏரிகளின் கொள்ளளவில் பெரும்பங்கு எங்கள் அடிவானத்தில் நிற்கிறது.

அந்த அடிவானம் நிலையானதல்ல. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் 1 இரவில் அங்கிருந்து திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு சுமார் 29,000 கன அடி வரை போனது. முழு ஏரியை அந்த வேகத்தில் திறந்துவிட்டால் 35 மணி நேரத்தில் காலியாகும் என்பதை வைத்து அந்த எண்ணைப் புரிந்துகொள்ளலாம். 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து இருந்தது கொள்ளளவில் 1 சதவீதத்துக்கும் கீழே. 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயலின்போது, செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும் மீண்டும் மதகு திறந்தார்கள். முதலில் விநாடிக்கு 1,000 கன அடி. ஐந்து ஆண்டுக்குள் ஒரே இடம் மூன்று வேறு படங்கள்.

2019-இல் நான் வரைந்த போர்டு இன்னும் சுவரில் இருக்கிறது. வழக்கமாக ஒரு ஏரிப்படத்தில் நான் பிதுக்கும் வண்ணத்தில் பாதி டைட்டானியம் வெள்ளை. காலைத் தண்ணீர் என்பது பெரும்பாலும் வெள்ளையில் நீலத்தையும் மண்நிறத்தையும் சிறிது சிறிதாகக் கலந்தது. அந்த ஜூனில் வெள்ளை ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. எல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் தீர்ந்தன. வெடித்த சேற்றுப் பாளங்களின் ஓரம் காய்ந்த அப்பளத்தின் ஓரம்போல மேலே சுருண்டிருந்தது. அந்தச் சுருளின் அடியில் மட்டும் கொஞ்சம் ஊதா நிழல். அதைப் பேலட் கத்தியால்தான் வைக்க முடிந்தது. நீர்மட்ட அறிக்கையில் ஒரே வரியாக இருந்தது என் போர்டில் 1,239 சதுர சென்டிமீட்டராக நிற்கிறது.

வண்ணத்தின் அளவுக்கு வருகிறேன். வரையும் முன்பும் பின்பும் அதே தராசில் ஒரு போர்டை வைத்துப் பார்த்தோம். கூடிய எடை 38 கிராம். தைலவண்ணத்தின் அடர்த்தி நிறத்துக்கு நிறம் மாறும். சராசரியாக மில்லிலிட்டருக்கு 1.8 கிராம் என்று வைத்தால் 21 மி.லி. அதை 1,239 சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் சராசரித் தடிமன் 0.17 மி.மீ. குழாய்களில் குறைந்ததோ 54 கிராம், அதாவது 30 மி.லி. பேலட்டிலும் கந்தலிலும் போனது 16 கிராம், சுமார் 30 சதவீதம். ஒரே படத்தின் கணக்கு என்பதால் இதை விதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து நான் பாதிப் பாதியாகப் பிதுக்குகிறேன்.

பணக்கணக்கில், உள்நாட்டு மாணவர் தர வண்ணம் 40 மி.லி. குழாய் சராசரியாக 160 ரூபாய் என்ற விலையில் வாங்கினேன். மி.லி.க்கு 4 ரூபாய். 30 மி.லி.க்கு 120 ரூபாய். கேன்வாஸ் போர்டு 140. டர்பன்டைனும் எண்ணெயும் 25. காலை இட்லி, காபி 60. பஸ் இருவழியும் 30. பூந்தமல்லியிலிருந்து கரைக்கு 8 கி.மீ. ஆட்டோ. 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதன்பின் கி.மீ.க்கு 12. அப்படிப் பார்த்தால் 99 ரூபாய். கேட்பது 250. போகவர 500. தனியாகப் போனால் ஒரு படத்தின் அடக்கம் 875 ரூபாய். ஒரு ஆட்டோவில் மூவராகப் போனால் ஆளுக்கு 167 ரூபாய், படத்தின் அடக்கம் 542. மிச்சம் 333 ரூபாய், 38 சதவீதம்.

அந்த 542-இல் வண்ணத்தின் பங்கு 22 சதவீதம். போக்குவரத்து 36 சதவீதம். தைலவண்ணம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செலவு குழாயில் இல்லை, ஊருக்கும் ஏரிக்கும் இடையில் இருக்கிறது. எங்களில் இருவர் பெண்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவர்களின் அடக்கம் 512. இறக்குமதி வண்ணத்துக்கு மாறினால் மட்டும் கதை வேறு. மி.லி. 19 ரூபாய் என்று வைத்தால் வண்ணமே 570 ஆகி, மற்ற எல்லாச் செலவையும் சேர்த்த தொகையை மிஞ்சிவிடும். கற்றுக்கொள்ளும் முதல் நூறு படங்களுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

சேர்ந்து போவதன் லாபம் ஆட்டோவோடு நிற்பதில்லை. ஆறு பேரும் ஒரு காலையில் பயன்படுத்தும் டர்பன்டைன் 600 மி.லி. அதை மூடிய கண்ணாடி ஜாடியில் ஆறு நாள் அசைக்காமல் வைத்தால் வண்ணம் அடியில் படிந்து, மேலே 480 மி.லி. தெளிந்து நிற்கிறது. 80 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது. வாரத்துக்குப் புதிதாக வாங்குவது 120 மி.லி. மட்டும். அடியில் படிந்த சகதியை ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறோம். ஒரு சொட்டும் கரையில் கொட்டுவதில்லை. அது 3,645 மில்லியன் கன அடிக் குடிநீர். அதை வரைய வந்தவர்களே அழுக்காக்கினால் படத்துக்கு அர்த்தமில்லை.

டர்பன்டைனில் இன்னொரு எண்ணும் உண்டு: 35. அதன் ஆவி தீப்பற்றக்கூடிய நிலைக்கு வரும் வெப்பநிலை ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ். சென்னையில் மே மாதச் சராசரி உச்ச வெப்பநிலை 37-ஐத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45.0 பதிவானது. அதாவது மே மாதப் பகலில், வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள், அந்த பாட்டில் எப்போதும் எல்லைக்கு மேலேதான் இருக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தல் இன்னும் ஆபத்து. அந்த எண்ணெய் காய்வது நீர் ஆவியாவதுபோல அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது, அப்போது சூடு வெளியாகிறது. சுருட்டிப் பையில் திணித்த கந்தலில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். நாங்கள் கந்தலைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறோம். இதைப் படிக்கிறவர் தைலவண்ணம் தொடங்க நினைத்தால் முதலில் வாங்க வேண்டியது அந்த டப்பா.

இப்படிக் காய்வதால்தான் படம் வீடு சேர்வதும் கடினம். அம்பர் போன்ற மண்நிறங்கள் இரண்டு மூன்று நாளில் தொட்டால் ஒட்டாது. வெள்ளை கனமாக இருக்கும் வானம் ஒரு வாரத்தையும் தாண்டும். ஏரிப்படத்தில் பாதி வெள்ளை என்பதால் அடுத்த ஞாயிறு வரும்போது முந்தைய ஞாயிறு இன்னும் ஈரம். வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்க வேண்டும். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஈரப் படங்களுக்கு இடம் கொடுத்த குடும்பத்தாரின் பங்கை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விடவும் முடியாது.

வருடத்தில் 52 ஞாயிறு. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ., அதில் 60 சதவீதத்துக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. வெளிச்சக் கணக்கில் சிறந்த டிசம்பரின் 3 மணி 49 நிமிடத்தில் பெரும்பகுதியை மேகம் எடுத்துக்கொள்கிறது. ஏரி நிரம்பினால் கரைக்கும் விடமாட்டார்கள், அது சரியே. மே, ஜூனில் 9 மணிக்கு மேல் நிற்க முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை, 13 ஞாயிறு, நம்பிக் கணக்கில் எடுக்கலாம். ஏரி நிறைந்தும் இருக்கும், வானம் தெளிந்தும் இருக்கும். ஆண்டில் கால்வாசி.

அந்தப் பதின்மூன்றில் ஒன்றை இந்த ஆண்டு இழந்தோம். பராமரிக்கப்படும் ஏரிப்பூங்கா ஒன்றில் ஈஸலை விரிக்க அனுமதி இல்லை என்றார் காவலர். விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்று கால் உள்ள பெட்டியைப் பார்த்து வணிகப் படப்பிடிப்பு என்று நினைத்துவிட்டார். மேலாளரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, முடிவு வரும்போது 40 நிமிடம் போய்விட்டது. 150-இல் 40, அதாவது 26.7 சதவீதம். அன்று ஆறு பேரில் ஒருவரும் படம் முடிக்கவில்லை. காவலர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. “ஐயா, எங்கிட்ட யாரும் இதப் பத்திச் சொல்லலியே” என்று அவர் சொன்னது உண்மை.

ஏரி மேம்பாட்டுத் திட்டங்களில் நடைபாதைக்கு அளவு இருக்கிறது, விளையாட்டுக் கருவிக்கு அளவு இருக்கிறது, படகுத்துறைக்கு அளவு இருக்கிறது. ஈஸல் வைத்து ஒருவர் நிற்க 6-க்கு 6, 36 சதுர அடி வேண்டும். ஆறு பேருக்கு 216 சதுர அடி. பருத்திப்பட்டு அளவுள்ள ஏரி ஒன்றின் 87 ஏக்கர் என்பது 37,89,720 சதுர அடி. கேட்பது அதில் 0.0057 சதவீதம். கூரை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், கட்டணம் கேட்டாலும் கொடுப்போம். கரையில் மேற்கு பார்த்த சமதளம் ஒன்று, காலை 6 மணிக்குத் திறக்கும் கதவு, ‘இங்கே ஓவியம் வரையலாம்’ என்று ஒரு பலகை. அடுத்த மதிப்பீட்டைத் தயாரிக்கும் பொறியாளர்கள் இந்த 216 சதுர அடியை ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.